கதிர்வீச்சு முடிந்து மூன்று மாதமாகியும் சாப்பிட முடியவில்லை, என்ன செய்வது?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. தொண்டைப் புற்றுநோய்க்கு 7 வாரம் கதிர்வீச்சும் கூடவே கீமோவும் கொடுத்தார்கள். முடிந்து மூன்று மாதமாகிறது. இன்னும் வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் உணவு. வாயால் சாப்பிடச் சொன்னால் இரண்டு ஸ்பூனோடு தட்டைத் தள்ளிவிடுகிறார். பேச்சும் குறைந்துவிட்டது. வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா? தொண்டைப் புண்ணை ஆற்றும் என்று தெரிந்தவர் ஒருவர் ஒரு பவுடரை வாங்கச் சொல்கிறார்.

பதில்: மூன்று மாதத்தில் பலர் இந்த நிலையில்தான் இருப்பார்கள், பயப்படாதீர்கள். கதிர்வீச்சு நின்ற அன்றே புண் ஆறத் தொடங்குவதில்லை. அடுத்த ஒன்றிரண்டு வாரம் இன்னும் மோசமாகி, அதற்குப் பிறகுதான் மெல்லக் குறையும். ருசி திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். எச்சில் ஊறுவது அதைவிடத் தாமதம். ஒன்றிரண்டு வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடலாம். பலருக்குப் பழைய அளவுக்கு வருவதே இல்லை. ருசியும் எச்சிலும் இல்லாத வாயில் எதைப் போட்டாலும் பஞ்சை மெல்வதுபோல்தான் இருக்கும். அவர் தட்டைத் தள்ளுவதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிறையச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஆனால் விழுங்குவதை மட்டும் நிறுத்த விடாதீர்கள். உடம்புக்கு வேண்டிய சத்தைக் குழாய் பார்த்துக்கொள்ளும். வாய்வழி போகும் அந்த இரண்டு ஸ்பூன் தொண்டைத் தசைக்கான வேலை. கதிர்வீச்சு பட்ட தசை சும்மா கிடந்தால் சுருங்கி இறுகிப்போகும், பிறகு மீட்பது பெரும்பாடு. குழாய்தான் இருக்கிறதே என்று வாய்க்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டால், அந்தக் குழாயை எடுக்கவே முடியாமல் போய்விடலாம்.

வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அரை மணி நேரம் முன்பே கொடுங்கள். நிமிர்ந்து உட்காரட்டும். டிவி வேண்டாம், பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு வாய் முழுவதும் இறங்கிய பிறகு அடுத்த வாய். எதிரில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பலருக்கு அதுவே தொண்டையை அடைத்துவிடும். இடையிடையே எச்சிலை முழு பலத்தோடு விழுங்கிப் பழகட்டும், வாயை அகலத் திறந்து மூடட்டும். தன் விரல்கள் மூன்றை வாயில் நுழைக்க முடியாத அளவுக்குத் தாடை இறுகினால் உடனே காட்ட வேண்டும்.

விழுங்குவதை நிறுத்த விடாதீர்கள் என்றேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு. உயிருக்கே ஆபத்தானது என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் நமக்குப் புரையேறும், இருமித் தள்ளிவிடுவோம். கதிர்வீச்சு பட்ட தொண்டையில் அந்த உணர்ச்சி மழுங்கியிருக்கலாம். தண்ணீர் நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது. 'புரையேறவே இல்லை, நன்றாகத்தானே குடிக்கிறார்' என்று சொல்லும் வீடுகளிலிருந்தே நிமோனியாவோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். குடித்ததும் குரல் ஈரமாகக் கொரகொரப்பது, காரணமில்லாமல் திரும்பத் திரும்ப லேசான காய்ச்சல், சளி ஆகியவை அடையாளங்கள். எந்த அடையாளமும் இல்லாமலும் நடக்கும். தண்ணீர் சுலபமாக இறங்கும் என்று நினைப்போம். வேகமாக ஓடுவதால் பலருக்கு அதுதான் தப்பான வழியில் போகிறது. ஆகவே விழுங்கும்போதே எடுக்கும் எக்ஸ்ரே வீடியோ, அல்லது மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை, இரண்டில் ஒன்று அவசியம். அது நடக்கும்வரை அளவைக் கூட்டாதீர்கள். கொரகொரப்போ காய்ச்சலோ இருந்தால் அந்த இரண்டு ஸ்பூனையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். சோதித்துவிட்டு 'வாயால் எதுவும் கூடாது' என்று சொன்னாலும், விழுங்கும் பயிற்சியை எப்படித் தொடர்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாயைச் சுத்தம் செய்வதையும் விடக் கூடாது. வாயிலுள்ள கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கினாலும் நிமோனியாதான்.

இந்தச் சோதனையும் பயிற்சியும் முதல் நாள் கதிர்வீச்சுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். தொடங்குவதில்லை. கட்டி போய்விட்டதா என்று பார்ப்பதோடு ஒவ்வொரு துறையும் கையைக் கழுவிக்கொள்கிறது. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தரும் என்னைப் போன்ற ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்புவதற்குள் தசை இறுகிவிடுகிறது. யாராவது அனுப்புவார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

யாரும் எதுவும் விளக்காத இந்த இடைவெளியில்தான் பவுடர்காரர்கள் நுழைகிறார்கள். டாக்டர் 'பார்க்கலாம்' என்கிறார், இவர்கள் 'நிச்சயம்' என்கிறார்கள். வாங்காதீர்கள். வாங்கச் சொன்னவரிடம், ஒவ்வொரு டப்பாவிலும் அவருக்குப் பங்கு உண்டா என்று நேராகவே கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருள் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தே சிறுநீரகத்துக்குக் கடுமையானது. டயட்டீஷியன் அளந்து எழுதிக் கொடுக்கும் சத்துணவு வேறு விஷயம், அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

இன்னொரு கூட்டம் 'எதற்கும் ஒரு ஸ்கேன்' என்று அவசரப்படுத்தும். புற்றுநோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்குச் சரியான நேரம் சிகிச்சை முடிந்து சுமார் 12 வாரம். முன்னதாக எடுத்தால் ஆறாத புண்ணும் கட்டியைப் போலத் தெரிந்து, தேவையில்லாத பயத்தையும் செலவையும் கொண்டுவரும். உங்களுக்கு அந்த நேரம் வந்துவிட்டது. ஸ்கேன் தேவையா என்று சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் பல். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அங்கே பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே அழுகிப்போகலாம். இந்த ஆபத்து ஆயுள் முழுவதும் உண்டு. விவரம் தெரியாமல் ஐந்து நிமிடத்தில் பிடுங்கிவிடும் இடத்துக்குப் போகாதீர்கள். எந்த இடத்தில் எவ்வளவு கதிர்வீச்சு என்று எழுதிய தாளை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். அதை டிஸ்சார்ஜ் காகிதத்தோடு தாங்களாகவே கொடுப்பதில் என்ன சிரமம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பல் டாக்டர் அதைப் படித்து, கதிர்வீச்சு டாக்டரிடம் பேசிய பிறகே கை வைக்கட்டும். தினமும் ஃப்ளூரைடு தேவையா என்றும் கேளுங்கள். எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும்.

பேச்சு குறைந்ததற்கு வலியும் வறட்சியும் காரணமாக இருக்கலாம். சிஸ்பிளாட்டினால் காது மந்தமாகி, நீங்கள் சொல்வதே அவருக்குச் சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்குத் தைராய்டும் குறையலாம். அந்தச் சோர்வைச் சோம்பல் என்று நினைத்துவிடுவோம், அதனால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை வேண்டும். இவற்றோடு மனச்சோர்வும் இந்த நோயாளிகளுக்கு மிகச் சாதாரணம். 'வாழ்ந்து என்ன' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். கழுத்தில் புதிதாகக் கட்டி, ஒரு பக்கக் காது வலி, குறைந்த வலி மறுபடி ஏறுவது ஆகிய மூன்றில் எது வந்தாலும் தேதியோடு குறித்துக்கொண்டு அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். வாயில் ரத்தம் வந்தாலோ, மூச்சு விடும்போது சத்தம் கேட்டாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.