அண்டர்பாடி துரு: மழைக்கு முன் சில கேள்விகள்

சயானில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். மும்பை மழை ஜூனில் தொடங்கும். வண்டியின் அடிப்பாகத்தில் (அண்டர்பாடி) துரு வேலை எதுவானாலும் அதற்குள் முடிய வேண்டும், அதனால் இப்போதே கேளுங்கள். வண்டியைப் பார்க்காமல் செலவு சொல்ல மாட்டேன்.

செம்பூர்: அண்ணாச்சி, ஏழு வயது கார். வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) உள்பக்கம் செம்மண் நிறமாகிவிட்டது. கறுப்புக் கோட்டிங் அடித்தால் போதுமா?

போதாது. துருவின் மேல் அடித்த தார்க் கோட்டிங் வெடிப்பு விடும். அதில் இறங்கும் தண்ணீர் வெளியே வராது. உள்ளே தகடு கரைவதும் கண்ணுக்குத் தெரியாது. நம் ஊரில் கடல் காற்றே உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிப்பதால் மழை இல்லாத நாளிலும் அரிப்பு நிற்காது. ஒர்லி சீஃபேஸ் ஓரம் நிற்கும் வண்டிகளைக் குனிந்து பாருங்கள், தெரியும்.

முதலில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பிரஷர் வாஷ் செய்து முழுக்கக் காயவிடுங்கள். பிறகு துருப்பிடித்த இடத்தைத் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியதுதான். கெட்டியாக இருந்தால் வயர் பிரஷ், உப்புத்தாள் போட்டு உதிர்கிற துருவை எல்லாம் எடுங்கள். குழிக்குள் மிச்சமிருப்பதற்கு ரஸ்ட் கன்வெர்ட்டர். அதில் உள்ள பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ துருவோடு சேர்ந்து அதைக் கறுப்பான, நிலையான படலமாக மாற்றும். பொருக்குத் துரு மேல் அடித்தால் மேல்தோல் மட்டும்தான் மாறும். சில கன்வெர்ட்டரை அடித்தபின் கழுவ வேண்டும், சிலவற்றைக் கழுவக் கூடாது. டப்பாவில் போட்டிருப்பதைப் படியுங்கள். அப்புறம் எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு, அது காய்ந்ததும் கோட்டிங்.

சைலன்சர், பிரேக், ரப்பர் புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம்), சென்சார் எதிலும் கோட்டிங் படக் கூடாது. கதவுகளின் அடி விளிம்பிலும், கதவுக்குக் கீழே உள்ள படியிலும் வடிகால் துளைகள் இருக்கும். அவற்றை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் டேப்பை உரித்தார்களா என்று நீங்களே பாருங்கள்.

முலுண்ட்: புது கார். கோட்டிங் கட்டாயம் என்கிறார் ஷோரூம்காரர்.

கட்டாயம் இல்லை. தொழிற்சாலையிலேயே பாடியைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி பிரைமர் ஏற்றுகிறார்கள். பெரும்பாலான கார்களில் அடியில் பிவிசி பூச்சும் உண்டு. செலவு செய்தே தீருவேன் என்றால் மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் கேவிட்டி வாக்ஸ் என்ற துரு தடுக்கும் மெழுகை அடியுங்கள். வாரன்டி புத்தகத்தை முதலில் பாருங்கள்.

டோம்பிவ்லி: தோராயமாக எவ்வளவு ஆகும்?

மேலே சொல்லிவிட்டேன்.

தாராவி: எங்கள் அப்பா லாரிக்கு மழைக்கு முன் பழைய என்ஜின் ஆயிலில் டீசல் கலந்து அடிப்பார். சேசிஸ் இன்னும் கல்லு மாதிரி இருக்கு. பிரைமர், வாக்ஸ் எல்லாம் வியாபாரம்தானே அண்ணாச்சி?

தம்பி, எண்ணெய் துருவைத் தடுக்கும், அதை யார் மறுத்தார்கள்? ஆனால் லாரி சேசிஸ் பல மில்லிமீட்டர் தடிமன். கார் தரைத் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே மேலோட்டமாகப் போனால் கவலையில்லை, இங்கே ஓட்டை விழும். மினரல் ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும், காரின் சஸ்பென்ஷன் முழுக்க ரப்பர் புஷ். பயன்படுத்திய ஆயிலில் எரிந்த கசடும் அமிலமும் வேறு.

தாராவி: டீசல் வாஷ் மட்டும் அடித்தால்?

கழுவ உதவும், காக்க உதவாது. ஒரு மழையில் போய்விடும்.

குர்லா: அந்த ஆயில் ரோட்டில் சொட்டி, முதல் மழையில் பைக்கோடு வழுக்கி விழுந்தவன் நான். அதையும் எழுதுங்கள்.

எழுதிவிட்டேன்.

தாராவி: அப்பாவின் லாரி சொட்டியதே இல்லை!

அடித்த எண்ணெய் எங்கேதான் போகிறது தம்பி? ஆவியாகாதது தரைக்குத்தான் வரும். பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டியது. அப்பாவின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. தவறாமல் கழுவி, குனிந்து பார்த்தார் அல்லவா, லாரியைக் காப்பாற்றியதில் பாதி அதுதான். இதோடு ஆயில் பேச்சு போதும்.

வாஷி: மின்சார காருக்கு?

பேட்டரி பெட்டி மேல் வெளியாள் எதையும் அடிக்கவோ துளை போடவோ விடாதீர்கள். கம்பெனி சர்வீஸ்.

காட்கோபர்: அண்ணா, மழை பெய்த மறுநாள் பிரேக் டிஸ்க் ஆரஞ்சாக இருக்கிறது. அதற்கும் கோட்டிங் அடிக்கலாமா?

ஐயோ, வேண்டாம் அம்மா! நாலு பிரேக் பிடித்தால் தானாகப் போய்விடும்.

அந்தேரி: போன வருஷம் சப்வே தண்ணீரில் கார் மாட்டியது. மேலே கறுப்பு அடித்தால்...

செம்பூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். கூடுதலாக, கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். அதன் அடியில் இருக்கும் பஞ்சு தண்ணீரைக் குடித்து மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், தகடு உள்ளிருந்து அரிக்கும்.

மாட்டுங்கா: கோட்டிங் அடித்து வாங்கிய பிறகு, மழையில் கதவுக்குள் தண்ணீர் சலசலக்கிறது.

வடிகால் துளை! டேப் ஒட்டாமல் அடித்திருக்கிறார்கள். கதவின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தாரில் அடைபட்ட துளைகள் விரலில் தட்டும். பிளாஸ்டிக் குச்சியால் குத்தி எடுங்கள்; இரும்புக் கம்பி பெயிண்டைக் கீறும். தண்ணீர் வடிந்ததும் கதவைத் திறந்துவைத்துக் காயவிட்டு, அடித்த கடையிலேயே உள்ளே வாக்ஸ் அடித்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியைச் சயானுக்குக் கொண்டு வாங்க.