கேள்வி பதில்: கல்லூரியில் அரசியல் பேசலாமா?

கேள்வி: தர்மபுரி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அரசியல், பொதுச்சேவை என்று பேச்செடுத்தாலே பிள்ளைகள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். யாரை அழைத்து வந்து பேச வைத்தால் ஆர்வம் வரும்?

பதில்: யாரையும் அழைக்காதீர்கள் சார். பொன்னாடை போர்த்தி, 'நாளைய தலைவர்களே' என்று ஒருவர் ஒரு மணி நேரம் முழங்க, பிள்ளைகள் கைதட்டிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவதுதான் எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. அரசியல் எங்களுக்கு எதற்கு என்று கேட்கும் பையனிடம், உங்கள் ஊரில் இத்தனை பேருக்குப் பல்லில் மஞ்சள் கறை எப்படி வந்தது என்று திருப்பிக் கேளுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்று டக்கென்று சொல்வான். அதற்கு மாற்றாக ஒகேனக்கல் தண்ணீர் எப்படி வந்தது? சுமார் 1,929 கோடி ரூபாய்த் திட்டம், பெரும்பகுதி ஜப்பான் கடன், 2008-இல் கலைஞர் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் கிளம்பிய எதிர்ப்பு, ஆட்சி மாறி 2013-இல் ஜெயலலிதா தொடங்கி வைத்தது. குடத்துத் தண்ணீரில் இவ்வளவு அரசியல் இருக்கிறது என்றால் பையன் போனைக் கீழே வைப்பான்.

அப்புறம் அடுத்த கிராம சபைக்கு அனுப்புங்கள், அவரவர் சொந்த ஊருக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை நடக்கிறது. அதில் நாலு அரசு விடுமுறை, வகுப்பு கெடுகிறது என்ற சாக்குக்கும் வழியில்லை. ஊரின் மக்கள்தொகை 501-இலிருந்து 3,000 வரை என்றால் 100 பேராவது வந்திருக்க வேண்டும், 10,000 வரை என்றால் 200 பேர். நிஜமாக எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், பதிவேட்டில் எத்தனை கையெழுத்து விழுந்தது, வரவு செலவுக் கணக்கை வாசித்தார்களா இல்லையா, இதை எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் சொல்லட்டும். ஒரு பெண் எழுந்து 'தெருக்குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறீர்கள்' என்று கேட்டு, அதற்குப் பெரியவர்கள் முறைத்தால் இன்னும் நல்லது. ஆர்வம் பெரும்பாலும் கோபத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கேள்வி: ஊத்தங்கரையிலிருந்து ஒரு எம்.ஏ. மாணவி. பொதுச்சேவை செய்ய வேண்டுமானால் கலெக்டருக்குப் படி, அரசியல் சாக்கடை, அந்தப் பக்கமே போகாதே என்கிறார் அப்பா. சரிதானா?

பதில்: படிக்கச் சொல்வது சரி, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதிகாரி என்றால் சுத்தம், அரசியல்வாதி என்றால் அழுக்கு என்ற கணக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்து அரூர் வட்டாரத்திலேயே உடைந்துவிட்டது. வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று அந்த மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் புகுந்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களை வன்கொடுமை செய்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையில் அரசுச் சம்பளம் வாங்கியவர்கள். அந்த மக்களோடு நின்று வழக்கை விடாமல் நடத்தியவர்கள் யார்? மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள், மலைவாழ் மக்கள் சங்கத்தினர், வழக்கறிஞர்கள், எல்லாருக்கும் மேலாக அந்தப் பெண்கள். 2011-இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். நல்ல அதிகாரிகளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை (நிறையப் பேர் இருக்கிறார்கள்). ஒன்று மட்டும் யோசித்து முடிவு எடுங்கள்: அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் கட்சியில் உறுப்பினராகவோ தேர்தலில் நிற்கவோ முடியாது.

கேள்வி: எனக்கு 20 வயது, ஓசூரில் பி.காம். படிக்கிறேன். சூளகிரி பக்கம் எங்கள் கிராமத்தில் வார்டு மெம்பருக்கு நிற்க ஆசை. பணம் இல்லை, கட்சியும் இல்லை. முடியுமா?

பதில்: தாராளமாக, தம்பி. ஆனால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். எம்.எல்.ஏ.வுக்குத்தான் 25. கிராம ஊராட்சி வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னமே கிடையாது, அதனால் கட்சி இல்லை என்று வருத்தப்பட வேண்டாம். 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு 100. ஓசூர் ரூம் முகவரிக்கு ஓட்டை மாற்றிவிடாதீர்கள், ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அங்கே நிற்க முடியும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இலேயே சட்டம் வந்துவிட்டதால் உங்கள் வார்டு பெண்கள் வார்டாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அக்காவையோ அம்மாவையோ நிற்கச் சொல்லி ஓட்டுக் கேட்கப் போங்கள், ஆனால் ஜெயித்த பிறகு கூட்டத்துக்கு அவர்தான் போக வேண்டும், நீங்கள் வெளியே வண்டியோடு காத்திருக்கலாம்.