மும்பையில் சின்னதாக டிராவல் ஏஜென்சி தொடங்கினால் குடும்பம் ஓடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: செம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை, கையில் மூன்று லட்சம் சேமிப்பு, தாராவிப் பக்கம் கடை எடுத்து ரயில், ஃபிளைட் டிக்கெட் போட்டுக் கொடுத்தால் பிழைக்க முடியுமா, என்னென்ன லைசென்ஸ் வேண்டும், ஆப் இருக்கும்போது ஏஜெண்ட் எதற்கு, வேலையை விட்டுவிடலாமா?

நான் சயான் கோலிவாடாவில் பல வருஷமாக இதே தொழிலில் இருக்கிறேன். டிக்கெட் போடுவதை மட்டும் நம்பினால் கடை வாடகைகூடத் தேறாது. லைசென்ஸ் பெரிய விஷயமே இல்லை. இந்தத் தொழிலில் கைக்கு வரும் பணத்தில் எது நம்முடையது, எது நம்முடையது இல்லை என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய விஷயம்.

ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஆர்சிடிசி ஏஜெண்ட் ஐடி வாங்கினால், ஒரு டிக்கெட்டுக்கு ஏசி இல்லாத வகுப்பில் 20 ரூபாய், ஏசியில் 40 ரூபாய் சேவைக் கட்டணம் வாங்கலாம். அது ஆளுக்கு இல்லை, ஒரு பிஎன்ஆருக்கு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பரில் ஆறு பேர் ஒரே டிக்கெட்டில் போனாலும் அதே 20 ரூபாய்தான். தட்கலில் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் பழைய கதை பேசுகிறார். 2025 ஜூலை முதல் தட்கல் திறக்கும் முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகள் பதிவு செய்யவே முடியாது. ஏசிக்கு 10.30 வரை, மற்ற வகுப்புக்கு 11.30 வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மே மாதத்தில் திருநெல்வேலிப் பக்கம் போகிற ரயிலில் அதற்கப்புறம் என்ன மிச்சம் இருக்கும்?

அதற்காகச் சிலர் வீட்டு ஆட்கள் பெயரில் பர்சனல் ஐடிகளை உருவாக்கி, டிக்கெட் எடுத்து, மேலே ஐந்நூறு அறுநூறு வைத்து விற்கிறார்கள். அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள். 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவில் இதற்கு மூன்று வருஷம் வரை ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்பிஎஃப்காரர்கள் நேராகக் கடைக்கே வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஃபிளைட்டில் நிலைமை கொஞ்சம் தேவலை. ஒரு காலத்தில் விமானக் கம்பெனிகளே நிலையான கமிஷன் கொடுத்தன. 2008 வாக்கில் பெரிய கம்பெனிகள் அதைப் பூஜ்யமாக்கின. விமானக் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் அங்கீகாரம் வாங்க வங்கி உத்தரவாதம், நிதிக் கணக்கு என்று கேட்பார்கள். புதிதாக வருபவருக்கு அது தேவையும் இல்லை. பெரிய ஏஜெண்ட் ஒருவரின் பி2பி போர்ட்டலில், அதாவது ஏஜெண்டுகளுக்கு மட்டுமான வெப்சைட்டில், சப் ஏஜெண்டாகச் சேர்ந்து, அங்கே உள்ள வாலெட்டில் முன்கூட்டியே பணம் போட்டு டிக்கெட் எடுக்கலாம். என் அனுபவத்தில் உள்நாட்டு டிக்கெட் ஒன்றுக்கு 200, 300 ரூபாய் நிற்கும். அதற்கு மேல் வைத்தால் கஸ்டமர் உங்கள் எதிரிலேயே ஆப்பைத் திறந்து விலையைக் காட்டுவார்.

வாலெட்டில் தேவைக்கு மேல் பணம் போட்டு வைக்காதீர்கள். அதிகம் போட்டால் கூடுதல் சலுகை என்று ஆசை காட்டுவார்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. இரண்டு தடவையும் ஏஜெண்டுகள் கட்டிய பணம் மாட்டிக்கொண்டது, வாசலில் வந்து சத்தம் போட்டதோ பயணிகள்.

அடுத்தது கடன். நம் ஜனங்களிடம் தொழில் செய்தால் இதற்குத் தப்பவே முடியாது. "தம்பி, டிக்கெட்டப் போட்டு விடு, ஒண்ணாந்தேதி தந்திருதேன்" என்பார் அண்ணாச்சி. நல்ல மனிதர், ஊரில் நம் அப்பாவுக்குத் தெரிந்தவர். 12,000 ரூபாய் டிக்கெட்டில் உங்களுக்கு 250 நிற்கும் என்றால், அந்த ஒரு டிக்கெட் பணம் வராமல் போனால் 48 டிக்கெட் போட்ட லாபம் காலி. நான் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, வாலெட்ல காசு இருந்தாத்தான் டிக்கெட் விழும், ஜிபேல போட்டு விடுங்க" என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் மறுவாரம் வந்திருக்கிறார்கள்.

ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறேன். ஊரில் சாவு என்று ராத்திரி ஒரு மணிக்கு போன் வந்தால் பணம் கேட்பதில்லை. அந்த நேரத்தில் ஆப்பைத் திறந்து தேட அவர்களுக்குக் கை ஓடாது. மதுரை ஃபிளைட் நிரம்பியிருந்தால் தூத்துக்குடி வழி பார்க்க வேண்டும், நாகர்கோவில் ஆளாக இருந்தால் திருவனந்தபுரத்தில் இறக்கி டாக்ஸி சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தப் பணத்தைத்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆப் இருக்கும்போது ஏஜெண்ட் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா, இதற்குத்தான்.

தமிழ் ஏஜெண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: பெயர். நம் ஆட்களில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். வெறும் 'முருகன்', அவ்வளவுதான். டிக்கெட் போடும் இடத்தில் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகர விடாது. பெயரைத் திரும்பப் போடுவதா, வேறு ஏதாவது போடுவதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், முதலிலேயே கேட்டுவிட வேண்டும். துபாய் போகிறவர் என்றால் இன்னும் கவனம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசா இல்லை என்று ஐக்கிய அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கிறோம் என்று அப்புறம் தளர்த்தினார்கள். ஆகவே பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் வாட்ஸப்பில் வாங்காமல் பெயரை டைப் செய்யாதீர்கள். வாயால் சொல்கிற பெயர் வீட்டில் கூப்பிடுகிற பெயராக இருக்கும்.

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பையில் எல்லாரும் குமாஸ்தா என்று சொல்கிற கடைப் பதிவு வேண்டும். உங்களை மாதிரிச் சின்னக் கடை என்றால் ஆன்லைனில் தகவல் கொடுத்தாலே போதும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆயிரம் ரெண்டாயிரம் கேட்கிறவரிடம் ஏமாறாதீர்கள். கரண்ட் அக்கவுண்ட் திறக்க இவை இரண்டும் உதவும். ஜிஎஸ்டி வரம்பு 20 லட்சம். டிக்கெட் ஏஜெண்டாக இருக்கும்வரை உங்கள் கமிஷன்தான் வரவு, அதனால் வரம்பு தூரத்தில் தெரியும். டூர் பேக்கேஜ் விற்க ஆரம்பித்தால் மொத்தத் தொகையும் கணக்கில் வரும், சீக்கிரம் தொட்டுவிடுவீர்கள். அதற்கு 5 சதவீதம் வரி, உள்ளீட்டு வரியை, அதாவது நாம் வாங்கும் சேவைகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, பெரும்பாலும் கழிக்க முடியாது. வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்று கஸ்டமரிடமிருந்து வருமான வரி வேறு பிடித்துக் கட்ட வேண்டும், விகிதத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள். அந்தப் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

இனி சோறு போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் டூர். பெரிய கம்பெனிகள் தொடாத டூர். ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிற அப்பா அம்மாக்களுக்கு ஷீரடி, திரியம்பகேஸ்வர், கிருஷ்ணேஸ்வர், பண்டரிபுரம் பார்க்க ஆசை. ஹிந்தி தெரியாது, முட்டி வலி, ராத்திரிக்குத் தயிர்சாதம் வேண்டும். இவர்களைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து சேர்த்தால் அந்தக் குடும்பம் முழுக்க உங்கள் கஸ்டமர்.

இதில் லாபம் நுணுக்கத்தில் இருக்கிறது. 17 சீட் டெம்போ டிராவலர் என்றால் 12 பேருக்கு வகுத்துத் தலைக்கு ரேட் சொல்லுங்கள். பதின்மூன்றாவது ஆளிலிருந்துதான் உங்கள் லாபம். 17 பேருக்கு வகுத்தால், கிளம்புகிற அன்று ஒரு குடும்பத்துக்குக் காய்ச்சல் என்று நாலு பேர் கழன்றுகொள்வார்கள். மஞ்சள் நம்பர் பிளேட், டூரிஸ்ட் பெர்மிட் வண்டி மட்டும் எடுங்கள். தெரிந்தவர் வெள்ளை பிளேட் வண்டி மலிவாகக் கிடைக்கும், வழியில் பிடித்தால் பெரியவர்கள் நடுரோட்டில் நிற்பார்கள்.

நாள் பார்த்துத் திட்டம் போடுங்கள். வியாழக்கிழமை ஷீரடியில் கூட்டம் நெரியும். கிருஷ்ணேஸ்வர் போகிறவர்கள் பக்கத்திலேயே எல்லோரா குகைகளையும் பார்க்கக் கேட்பார்கள், செவ்வாய்க்கிழமை எல்லோரா மூடியிருக்கும். அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை. கிருஷ்ணேஸ்வர் கருவறைக்குள் ஆண்கள் சட்டை, பனியனைக் கழற்ற வேண்டும் என்று முதல்நாளே சொல்லி வையுங்கள். பீமாசங்கரில் நிறையப் படி இறங்கி ஏற வேண்டும், முட்டிவலிக்காரர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். லாட்ஜுக்கு போன் போடும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் லிஃப்ட் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு" என்றால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கும்பல் இருபதைத் தாண்டினால் தனி வண்டியில் ஒரு சமையல்காரரைக் கூட்டிப் போவது நல்லது. மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் செய்கிறவர்கள் முகூர்த்தம் இல்லாத மாதத்தில் சந்தோஷமாக வருவார்கள். 2027இல் நாசிக், திரியம்பகத்தில் கும்பமேளா வேறு வருகிறது, அந்த வருஷம் அந்தப் பக்கம் ரூம் கிடைப்பது கஷ்டம், யோசித்து வாக்குக் கொடுங்கள்.

டூருக்கு வாங்குகிற முன்பணத்தைத் தனி அக்கவுண்டில் போடுங்கள். வண்டி, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் போய் மிச்சம் நிற்பதை, டூர் முடிந்தபிறகுதான் எடுக்க வேண்டும். ஜூன் மாத டூர் முன்பணத்தில் மே மாத வாடகை கொடுக்கிற ஏஜென்சிகள் எப்படி மூடின என்று இந்த ஏரியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். கடையும் எடுக்க வேண்டாம், மூன்று லட்சத்தில் டெபாசிட்டே பாதியை விழுங்கிவிடும். வீட்டு முகவரியில் குமாஸ்தா எடுத்து, சனி ஞாயிறுகளில் யாராவது ஏஜெண்டிடம் உட்கார்ந்து வேலை பழகுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான், ஆகவே மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் மார்ச்சிலேயே தேடி வருவார்கள். பிப்ரவரிக்குள் ஐடி, போர்ட்டல் எல்லாம் கையில் இருந்தால் அந்த சீசனைப் பிடித்துவிடலாம். அதைப் பார்த்துவிட்டு, மழைக்காலம் முழுக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்றும் பார்த்துவிட்டு, கடையைப் பற்றி தீபாவளிக்கு அப்புறம் யோசியுங்கள்.