அலகா, பூச்சிய வகுப்பானா? கேள்வி-பதில்

கே: மட்டு 24 வளையத்தின் அலகுகள் எவை?

ப: இந்த வளையம் 0 முதல் 23 வரையான எண்கள்; கூட்டினாலும் பெருக்கினாலும் 24-ஆல் வகுத்த மீதியே விடை. பெருக்கினால் 1 தரும் துணை (நேர்மாறு) உள்ள உறுப்பு அலகு. பூச்சியமில்லாத ஒன்றால் பெருக்கும்போது 0 தரும், தானும் பூச்சியமில்லாத உறுப்பு பூச்சிய வகுப்பான். அலகுகள் 24-உடன் மீ.பொ.வ. 1 உள்ளவை: 1, 5, 7, 11, 13, 17, 19, 23. பூச்சியத்தைத் தள்ளினால் மிச்சமுள்ள பதினைந்தும் பூச்சிய வகுப்பான்கள்.

கே: மட்டு 60-இல் 17-இன் நேர்மாறைக் காண ஒவ்வொன்றாகப் பெருக்கித்தான் பார்க்க வேண்டுமா?

ப: எதற்கு? யூக்ளிட் வழி இருக்கிறதே. 60 = 3×17 + 9; 17 = 9 + 8; 9 = 8 + 1. இனிப் பின்னோக்கி: 1 = 9 − 8 = 2×9 − 17 = 2×60 − 7×17. நேர்மாறு −7, அதாவது 53. பெருக்கிச் சரிபாருங்கள்: 17×53 = 901 = 15×60 + 1. பலரும் குறியை விட்டுவிட்டு 7 என்று எழுதுகிறார்கள். அது 119, மட்டு 60-இல் −1.

கே: 6 ஓர் அலகா?

ப: எந்த வளையத்தில்? மட்டு 35-இல் அலகு (6×6 = 36). மட்டு 9-இல் பூச்சிய வகுப்பான் (6×3 = 18). முழுக்களில் இரண்டுமில்லை. வளையத்தைச் சொல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள்.

கே: "அலகு இல்லையென்றால் பூச்சிய வகுப்பான்" என்று குறிப்பில் உள்ளது. சரிதானே?

ப: இந்த அரைகுறை வரி எத்தனை குறிப்பேடுகளில்தான் உலவுகிறதோ! முடிவுறு வளையத்தில்தான் (பூச்சியம் நீங்கலாக) அது எப்போதும் பொருந்தும். பரிமாற்று வளையம் (பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாதது) என்றே வைத்துக்கொள்வோம். 'அ' பூச்சியமுமில்லை, பூச்சிய வகுப்பானுமில்லை என்றால், அதை வெவ்வேறு உறுப்புகளால் பெருக்கும்போது வெவ்வேறு விடைகளே வரும். இரண்டு விடை ஒன்றானால் அவற்றின் வித்தியாசம் 'அ'வைப் பூச்சியமாக்கிவிடும். உறுப்புகள் முடிவுறு எண்ணிக்கை என்பதால் விடைகளில் எல்லா உறுப்பும் வந்தாக வேண்டும், 1 உட்பட. அந்த 1-ஐத் தந்ததே நேர்மாறு. 'முடிவுறு' என்ற சொல்லை எடுத்தால் வாதமே நிற்காது. முழுக்களில் 2-ஐப் பாருங்கள்: நேர்மாறும் இல்லை, பூச்சியமாக்கும் துணையும் இல்லை. முழுக்களை உறுப்பாகக் கொண்ட 2×2 அணிகளிலும் இதே கதை. அணிக்கோவை ±1 என்றால் அலகு, 0 என்றால் பூச்சிய வகுப்பான் (பூச்சிய அணி நீங்கலாக), 2 என்றால் இரண்டுமில்லை. "அணிக்கோவை பூச்சியமில்லை, ஆகவே நேர்மாறு உண்டு" என்று எழுதுபவர்கள் விகிதமுறு எண்களுக்குத் தாவிவிட்டார்கள். மறுபடியும் சொல்கிறேன்: முதலில் வளையம், பிறகு விடை.

கே: மட்டு 6 கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவைகளில் 2 + 3ய (ய மாறி) பூச்சிய வகுப்பானா? 2, 3 இரண்டும் அப்படித்தானே?

ப: இல்லை. கணிதவியலாளர் மெக்காய் 1942-இல் தந்த தேற்றப்படி, பல்லுறுப்புக்கோவை பூச்சிய வகுப்பான் என்றால் பூச்சியமில்லாத ஒரே மாறிலி எல்லாக் கெழுக்களையும் பூச்சியமாக்க வேண்டும். 2-ஐ ஒழிப்பது 3. 3-ஐ ஒழிப்பவை 2, 4. பொதுவாக எதுவுமில்லை. அலகும் இல்லை, ஏனெனில் மாறிலி உறுப்பு 2 அலகல்ல. ஆனால் மட்டு 4-இல் 1 + 2ய ஓர் அலகு; வர்க்கம் எடுத்தால் 1 + 4ய + 4ய² = 1.