மார்பகத்தை எடுத்த பிறகு மறுசீரமைப்பு ஆபரேஷன் செய்தால் தேறிவர எத்தனை நாளாகும்? 48 வயதில் அது தேவையா?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது: வலது மார்பகத்தை முழுதாக எடுக்கப்போகிறார்கள், பிறகு மறுசீரமைப்பு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வீட்டில் "இந்த வயசுல எதுக்கு" என்கிறார்கள். அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் கையில் இருந்த ஜாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் அதே வார்த்தையைச் சொன்னார்கள். அப்போது எனக்கு 46.

முதலில் கேட்டதற்குப் பதில். மார்பகத்தை எடுத்த பிறகு சமையலறைக்குள் போக எனக்கு 5 வாரம் ஆனது, தையல் மெஷினில் பழையபடி உட்கார 3 மாதம். மறுசீரமைப்புக்குப் பிறகு நிமிர்ந்து நடக்க 2 வாரம், லேசான வேலைக்கு 2 மாதம், தண்ணீர்க் குடம் தூக்க இன்னும் அதிகம். நான் டாக்டர் இல்லை. சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலேயே 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். என் கணக்கு என் உடம்புக்கு மட்டும். "இவள் சொன்னாள் என்று செய்தோம்" என்று யாரும் வர வேண்டாம்.

முதல் ஆபரேஷன் சேலத்திலேயே நடந்தது. மார்பகத்தோடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பக்கவாட்டில் இரண்டு டியூப், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பாட்டில். காயத்தில் ஊறும் நீர் அதில் இறங்கும். காலையிலும் மாலையிலும் எத்தனை மில்லி என்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே, அதுவும் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால்தான் டியூபை எடுப்போம் என்றார்கள். எனக்கு ஒன்று 8 நாளில் போனது, மற்றது 13 நாள் இருந்தது. அந்த 13 நாளும் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்க முடியுமா? ஆஸ்பத்திரியில் நைட்டியில் ஊக்குப் போட்டு மாட்டிவிட்டார்கள். திரும்பும்போதெல்லாம் இழுத்து உயிர் போனது. வீட்டுக்கு வந்ததும் என் பெண்ணை விட்டு லைனிங் துணியில் தோளில் மாட்டும் பை ஒன்று தைக்கச் சொன்னேன். அதன் அளவைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

எல்லாரும் மார்பைப் பற்றியே கேட்பார்கள். என்னைக் கேட்டால் நீங்கள் பயந்து பார்த்துக்கொள்ள வேண்டியது கையை. டியூப் இருக்கும்வரை கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, ஆனால் அசைக்காமலும் இருக்கக் கூடாது என்றார் பிசியோ டாக்டர். டியூப் போனதும் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் எறும்பு ஊர்வது போல மேலே ஏற வேண்டும். தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கும் சுவரில்தான் ஏறுவேன். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. முதல் கோடு காலண்டர் அட்டையின் அடியில் இருக்கிறது. ஆணியைத் தொட 41 நாள் ஆனது. வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டேன்.

நாலாவது வாரத்தில் அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் கயிறு கட்டி இழுப்பது போல ஒன்று வந்தது. கையை நீட்டினால் சுருக்குப் பையின் நாடாவை இழுத்த மாதிரி தோல் சுருங்கும். நோய்தான் திரும்பி வந்துவிட்டது என்று இரண்டு இரவு தூங்கவில்லை. நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு இது வருவதுண்டு, நீட்டி நீட்டிப் பயிற்சி செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது. உங்களுக்கு வந்தால் பயப்படாதீர்கள், போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று, கை வீக்கம். அக்குளில் முடிச்சுகளை எடுத்துவிட்டால் அந்தக் கையில் நிணநீர் தேங்கி வீங்கலாம், அது வருடங்கள் கழித்துக்கூட வரலாம். வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டில் என் பெயரில் ஒரு பக்கம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் இஞ்ச் டேப்பால் மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே நாலு விரல், மேலே நாலு விரல் என்று இரண்டு கையையும் அளந்து எழுதுவேன். இரண்டுக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் உடனே வரச் சொன்னார்கள். ஒருமுறை ஒன்றரை வந்தது. கல்யாண சீசன், ஒரே வாரத்தில் 19 ஜாக்கெட் வெட்டியிருந்தேன். நிறுத்திவிட்டு அழுத்தம் கொடுக்கும் கையுறை மாட்டிக்கொண்டு 3 வாரம் இருந்தேன், இறங்கியது. ஊசி போடுவதும் பிபி பார்ப்பதும் இடது கையில்தான். வலது கையில் சின்னக் கீறல் பட்டாலும் கழுவி மருந்து போட்டுவிடுவேன்.

அப்புறம் கீமோ. முடி போனது, வந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தது ஏப்ரல் வெயிலில். சேலத்து வெயிலில் அக்குள் தோல் கறுத்து உரிந்து, எந்தத் துணி பட்டாலும் எரிந்தது. முடிந்த மறுநாளே என் நாத்தனார் ஏற்காட்டில் நாகலூருக்கு அழைத்துப் போய்விட்டார். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் சீட் பெல்ட் அறுத்துவிடும் என்று சின்னத் தலையணை ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். பத்து நாள் காபித் தோட்டத்துக் குளிர் காற்றில் மெல்லிய பருத்திச் சட்டையோடு இருந்ததில்தான் புண் ஆறியது.

இனி "இந்த வயசுல எதுக்கு" என்பதற்கு வருகிறேன். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு பக்கம் இல்லாமல் இருந்தேன். உள்ளாடையில் பை வைத்துத் தைத்துப் பஞ்சு வைத்துப் பார்த்தேன். எடை இல்லாததால் மேலே ஏறிக்கொண்டது. எங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜவ்வரிசி வைத்தேன், வியர்வையில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் கடுகுதான் எடைக்கும் அசைவுக்கும் சரியாக வந்தது. பிறகு கடையில் சிலிக்கானில் ஒன்று வாங்கினேன். நல்ல பொருள்தான், ஆனால் மே மாதத்தில் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

ஜாக்கெட் துணியை இரண்டாக மடித்துப் போட்டுத்தான் முன்பக்கம் வெட்டுவோம். வலதும் இடதும் ஒரே வெட்டில் வந்துவிடும். எனக்கு மட்டும் மடிக்காமல் தனித்தனியாக வெட்ட வேண்டியிருந்தது. அந்த நோட்டில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மார்புச் சுற்று எழுதியிருக்கிறேன். என் பக்கத்தில் அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தேன். வேறு காரணம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. புருஷனுக்காகச் செய்தாள் என்பார்கள். அவர் "எனக்கு நீ இருந்தா போதும், மறுபடி கத்தி வேண்டாம்" என்று சொன்ன மனுஷர். சின்ன மாமியார், "பேரன் எடுக்கிற வயசுல இது எதுக்கு கண்ணு, யாரு பார்க்கப் போறா" என்றார். நான்தான் பார்க்கிறேன், தினமும். குளிக்கும்போது நான் பார்க்கிறேன். அது போதாதா?

செய்யாதவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. என்னோடு கீமோவுக்கு வந்த ஒருவர் எதுவும் வேண்டாம் என்று அப்படியே நிம்மதியாக இருக்கிறார், அவருக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். பணம் இருப்பவர்கள் பேச்சு என்றும் சொல்லாதீர்கள். தாலிக்கொடி தவிர என் நகையெல்லாம் அடகுக் கடையில் இருந்து, போன தையில்தான் மீட்டோம்.

கோவையில் செய்தேன். கரண்ட் வைத்த இடத்தில் சிலிக்கான் பை வைத்தால் சுற்றிலும் இறுகிப்போக வாய்ப்பு அதிகம் என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். முதுகுத் தசையை எடுத்து முன்னால் கொண்டுவருவது இன்னொரு வழி. தையல்காரி என்றதும், தோளுக்கு வேலை கொடுக்கும் தசையைத் தொட வேண்டாம், வயிற்றிலிருந்து எடுக்கலாம் என்று அவரே சொன்னார். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து, மார்பில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குழாயோடு குழாய் தைப்பது. நாம் நூல் கோக்கவே கண்ணாடி தேடுகிறோம், அவர்கள் முடியைவிட மெல்லிய நூலில் தைக்கிறார்கள். 9 மணி நேரம் ஆனது. இப்படிச் செய்வதால் நோய் திரும்பி வராதா என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். திரும்பி வருவதற்கு இது காரணமாவதில்லை என்றார். தினசரி போட்டுவந்த ஹார்மோன் மாத்திரையை ரத்தம் உறையும் பயத்தால் கொஞ்ச நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

முதல் இரண்டு நாள் மணிக்கொரு முறை நர்ஸ் வந்து பேனா போன்ற ஒரு கருவியை வைத்து ரத்த ஓட்டம் கேட்பார். "உஸ் உஸ்" என்று வரும். அறையில் ஏசி கிடையாது, குளிர்ந்தால் குழாய் சுருங்கிவிடுமாம். நடுராத்திரி மூன்று மணிக்கு அந்த உஸ் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். வயிற்றில் இடுப்பு முதல் இடுப்பு வரை தையல், அதனால் நிமிர முடியாது. முதல் பத்து நாள் குனிந்தே நடந்தேன். கட்டிலில் படுக்க முடியாமல் மாமனாரின் சாய்வு நாற்காலியில், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினேன். இருமல் வந்தால் வயிற்றோடு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. கோவையிலிருந்து அவிநாசி, பவானி, சங்ககிரி வழியாக அத்தனை தூரமும் கார் வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு வலி இல்லை. ஊருக்குள் நுழைந்து வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் 11 வேகத்தடை. ஒன்றுக்கும் வெள்ளைக் கோடு இல்லை. ஒவ்வொன்றிலும் வயிற்றுத் தையல் பிரிந்துவிட்டது என்றே நினைத்தேன். வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்துக்குச் சரிவாக, 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. என் மகன் எடுத்துக் காட்டினான். எங்கள் தெருவில் இருப்பது ஒரு முழம் அகலம்கூட இல்லை, சுவர் மாதிரி நிற்கிறது. அவரவர் வீட்டு வாசலில் அவரவர் போட்டுக்கொண்டது. பிரசவத்துக்குப் போகிறவள், ஆபரேஷன் முடிந்து வருகிறவர் எல்லாரும் இதன் மேல்தான் போக வேண்டும். இரண்டு முறை மனு கொடுத்துவிட்டேன். சரி, உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

பணம் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கணவரின் வேலையிடத்துக் காப்பீட்டில் கேட்டபோது "அழகு சிகிச்சை" என்று ஒரே வரியில் மறுத்தார்கள். அந்த வரியைப் படித்த அன்று அழுததுபோல் நோய் என்று தெரிந்த அன்றுகூட நான் அழவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விதியில், அழகு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது, ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு அதில் சேராது என்று தெளிவாக இருக்கிறது. எங்கள் பாலிசித் தாளிலும் அதே வாசகம் இருந்தது. அதை அடிக்கோடிட்டு மறுபடி அனுப்பிய பிறகு பெரும்பகுதி வந்தது. அப்போதும் மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் பாலிசியை வரி வரியாகப் படியுங்கள்.

யாரும் எனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. புது மார்பில் உணர்ச்சி இருக்காது. தைக்கும்போது ஊசியை முந்தானை மேல் நெஞ்சுப் பக்கம் குத்திவைப்பது என் பழக்கம். நாலாம் மாதம் ஒரு நாள் மாலை லைனிங் வெட்டிக்கொண்டிருந்தேன். என் பெண் "அம்மா, ரத்தம்" என்றாள். ஜாக்கெட்டில் மிளகு அளவு சிவப்பு. ஊசி தோலில் அரை அங்குலம் ஏறி நிற்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து ஊசி மணிக்கட்டுப் பட்டையில், அதுவும் இடது கையில். வெந்நீர் ஒத்தடம் அந்தப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள், வெந்தாலும் தெரியாது. இப்போது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தொட்டால் தெரிகிறது. பழையது திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டு இந்த ஆபரேஷனுக்குப் போகாதீர்கள்.

எனக்கு இப்போது 49. ஜாக்கெட்டை மடித்தே வெட்டுகிறேன். வலது பக்கம் டாட் (மார்பு வளைவுக்குப் பிடிக்கும் மடிப்பு) மட்டும் கால் அங்குலம் குறைத்துப் பிடிக்கிறேன். நோட்டில் காலியாக இருந்த இடத்தில் 36 என்று எழுதியிருக்கிறேன்.

டியூப் பைக்கு அளவு: பருத்தி லைனிங் துணி 7 அங்குல அகலம், 9 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு. மூன்று பக்கம் தைத்து, மேல்பக்கம் திறந்திருக்கட்டும். தோள் நாடா 44 அங்குலம், நல்ல தோள் பக்கம் மாட்டுகிற மாதிரி. இரண்டு பாட்டில் என்றால் நடுவில் ஒரு தையல் போட்டு இரண்டு அறையாக்குங்கள், ஒன்றோடொன்று முட்டாது. மாற்றித் துவைக்க இரண்டு பை வேண்டும். முன்பக்கம் முழுதும் பட்டன் வைத்த நைட்டி நாலு வாங்கி வைத்துவிடுங்கள். தலைவழியாகப் போடுவதெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஆகாது.