விண்வெளிக் கான்வாயும் சிறு காவல் கப்பலும்: கேள்வி பதில்

விண்படைக் கதை எழுதும் நண்பர்கள் சிறு காவல் கப்பல்களைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். காவல் கப்பல் என்று நான் சொல்வது, சரக்குக் கப்பல்களோடு கூடவே போய் வழியில் அவற்றைக் காக்கும் சிறிய போர்க்கப்பலை. அப்படிக் காவலோடு கூட்டமாகப் போகும் கப்பல் வரிசைதான் கான்வாய். கடலில் கார்வெட், ஃப்ரிகேட் என்ற பெயர்களில் இருந்தவை. பல வருஷமாக இவற்றின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்கிறேன். பெரிய போர்க்கப்பல்களைவிட இவைமேல்தான் எனக்குப் பிரியம் அதிகம்.

கேள்வி: சார், என் கதைக்காக 60 மீட்டர் நீளத்தில் ஒரு காவல் கப்பல் ரகத்தை உருவாக்குகிறேன். முதலில் எதை முடிவு செய்வது? ஆயுதமா, இன்ஜினா, கவசமா?

மூன்றும் இல்லை. அது எந்தக் கப்பலைக் காக்கப்போகிறது என்பதை முதலில் எழுதுங்கள். அந்தச் சரக்குக் கப்பல் எவ்வளவு வேகத்தில் போகும், எத்தனை நாள் போகும், எத்தனை கப்பல் சேர்ந்து போகும், எதற்குப் பயப்படும்? இந்த நாலும் தெரிந்துவிட்டால் காவல் கப்பலின் பாதி வடிவம் தானாக வந்துவிடும்.

உங்கள் 60 மீட்டர் எனக்கு உடனே பிரிட்டனின் ஃப்ளவர் ரகக் கார்வெட்டை நினைவுபடுத்துகிறது. அதன் நீளம் சுமார் 62 மீட்டர், எடை ஆயிரம் டன்னுக்கும் குறைவு. 1940இலிருந்து அட்லாண்டிக்கில் கான்வாய்களைக் காத்தது இதுதான். திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றின் வடிவத்தைத் திருத்தி உருவாக்கினார்கள். போர்க்கப்பலே கட்டியிராத சின்னத் தளங்களும் கட்டவேண்டும் என்பதால், நீராவி டர்பைனை விட்டுவிட்டு, வணிகக் கப்பல்களில் ஓடிக்கொண்டிருந்த பழைய பிஸ்டன் இன்ஜினையே வைத்தார்கள். அதை ஓட்டத் தெரிந்த மாலுமிகள் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள்.

வேகம் 16 நாட்தான், அதாவது மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஜெர்மானிய நீர்மூழ்கி தண்ணீருக்கு மேலே வந்து ஓடினால் 17 நாட்டைத் தாண்டிவிடும். அதாவது, தான் வேட்டையாட வேண்டிய எதிரியைத் துரத்திப் பிடிக்க முடியாத கப்பல் இது. முன்பக்கம் ஒரே ஒரு 4 அங்குலப் பீரங்கி. அலையில் பயங்கரமாக உருளும், உள்ளே எப்போதும் ஈரம். கரையோரக் காவலுக்கென்று வரைந்ததை நடுக்கடலுக்கு அனுப்பினால் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அது வேலை செய்தது. கான்வாய் மெதுவாகத்தான் போகும், அதோடு சேர்ந்து போக 16 நாட் போதும். நீர்மூழ்கியைத் தண்ணீருக்கடியில் அமுக்கி வைத்தாலே போதும், அங்கே அதன் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதற்குள் கான்வாய் தாண்டிப் போயிருக்கும்.

உங்கள் ரகத்துக்கும் இப்படி ஒரு பிறப்புக் கதை கொடுங்கள். கனிமம் அள்ளும் கப்பலையோ இழுவைக் கப்பலையோ திருத்திக் கட்டியது என்று வையுங்கள். அதன் குறைகள் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடும்.

கேள்வி: கடலில் கான்வாய் சரி. விண்வெளி அவ்வளவு பெரியதாயிற்றே, கப்பல்கள் தனித்தனியாகப் போனால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

இரண்டு காரணங்களால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒன்று, விண்வெளியின் பின்னணி ஏறக்குறைய 2.7 கெல்வின் குளிர், அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். மனிதர் வாழும் கப்பலின் வெளிச்சுவர் 300 கெல்வினை (27 டிகிரி செல்சியஸ்) ஒட்டி இருக்கும், இன்ஜின் அதைவிடப் பல மடங்கு சூடு. இருட்டில் விளக்கேந்தி நடப்பது போலத்தான்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தமானது. பூமியிலிருந்து செவ்வாய்க்குக் குறைந்த எரிபொருளில் போக ஏற்ற காலம் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். எனவே எல்லோரும் சில வாரங்களுக்குள், ஏறக்குறைய ஒரே பாதையில் கிளம்புவார்கள். யாரும் கட்டளை போடாமலே அங்கே ஒரு கான்வாய் உருவாகிவிடும். அது எப்போது எங்கே இருக்கும் என்பதைக் கொள்ளைக்காரனும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவான்.

கேள்வி: அண்ணா, ஒரு கான்வாய்க்கு எத்தனை காவல் கப்பல் வைக்கலாம்?

இரண்டாம் உலகப்போரில் பிளாக்கெட் என்ற இயற்பியலாளரின் குழு இதை ஆராய்ந்தது. கான்வாய் பெரிதாக இருந்தால்தான் பாதுகாப்பு அதிகம் என்பது அவர்கள் முடிவு. கப்பல்கள் பெருகும் வேகத்தில் காக்கவேண்டிய சுற்றளவு பெருகாது. கடலில் கப்பல் எண்ணிக்கை 8 மடங்கானால் சுற்றளவு 3 மடங்கைக்கூடத் தொடாது. விண்வெளியில் கான்வாய் ஒரு கோளம் போல நிற்கும் என்று வையுங்கள்: 8 மடங்கு கப்பலுக்கு மேற்பரப்பு 4 மடங்கு. லாபம் குறைகிறது, ஆனாலும் லாபம்தான். 10 கப்பலுக்கு 3 காவல் என்று தொடங்கினால், 80 கப்பலுக்கு 12 போதும்.

கேள்வி: சின்னக் கப்பல் என்றால் பெரிய கப்பலைவிட வேகமாகப் போகும்தானே?

இந்தத் தவறு நிறையக் கதைகளில் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ராக்கெட் எவ்வளவு வேகத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்பதை டெல்டா-வி என்பார்கள். 1903இல் ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு இதைச் சொல்கிறது. இன்ஜின் வாயுவை வெளித்தள்ளும் வேகத்துக்குச் சமமான டெல்டா-வி வேண்டுமென்றால் புறப்படும் எடையில் 63 சதவீதம் எரிபொருளாக இருக்கவேண்டும். அதைப்போல இரண்டு மடங்கு வேண்டுமென்றால் 86 சதவீதம். இதில் கப்பலின் அளவு எங்கேயும் வரவில்லை, விகிதம் மட்டும்தான். இன்ஜினும் எரிபொருள் விகிதமும் ஒன்றாக இருந்தால், 500 டன் கப்பலுக்கும் 50,000 டன் கப்பலுக்கும் ஒரே டெல்டா-விதான் கிடைக்கும். சின்னக் கப்பலுக்குக் கிடைப்பது சட்டென்று திரும்பும் திறன்.

அப்புறம் காவல் கப்பலுக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. கான்வாயை விட்டு எதிரியை விரட்டப் போனால் இன்ஜினை நாலு முறை கொளுத்தவேண்டும்: கிளம்ப ஒன்று, நிறுத்த ஒன்று, திரும்பி வர ஒன்று, வந்து சேர்ந்து கான்வாயின் வேகத்துக்கு இறங்க ஒன்று. ஒவ்வொரு விரட்டலும் கையிருப்பை அரிக்கும். கப்பல் தலைவருக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. எதிரி கண்ணுக்குத் தெரிகிறான், இப்போது போனால் அடுத்த முறை போக எரிபொருள் இருக்காது. அட்லாண்டிக்கிலும் இதே கதைதான். கான்வாய்க்கு நடுவே போன எண்ணெய்க் கப்பலிலிருந்து காவல் கப்பல்கள் கடலிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டன. உங்கள் கான்வாயிலும் ஒரு எரிபொருள் கப்பலை வையுங்கள். எதிரி முதலில் குறிவைப்பது அதைத்தான்.

கேள்வி: லேசர் வைத்தால் தூரத்திலேயே முடித்துவிடலாமே?

லேசர் கதிர் போகப் போக விரியும், எவ்வளவு விரியும் என்பதைக் கதிரைக் குவிக்கும் கண்ணாடியின் அகலம் தீர்மானிக்கும். ஒரு மைக்ரோமீட்டர் அலைநீளம், 1 மீட்டர் கண்ணாடி என்றால் 1,000 கிலோமீட்டர் தூரத்தில் புள்ளி சுமார் 2.4 மீட்டர் அகலம். கண்ணாடி 4 மீட்டரானால் 0.6 மீட்டர், அதே சக்தி 16 மடங்கு செறிவாக விழும். ஆக, தூரச் சண்டை பெரிய கப்பலுக்குச் சொந்தம். சின்னக் கப்பல் கிட்டப் போகவேண்டும், அல்லது ஏவுகணை விடவேண்டும்.

வெப்பத்தையும் மறக்காதீர்கள். 10 மெகாவாட் கழிவு வெப்பத்தை வெளியேற்ற, 1,000 கெல்வினில் இருபுறமும் உமிழும் தகடு 90 சதுர மீட்டர் போதும். 500 கெல்வினில் அதுவே 1,400 சதுர மீட்டராகிவிடும். சண்டை நேரத்தில் அந்தத் தகடுகளை விரித்து வைப்பதா, மடக்கிக்கொண்டு உள்ளே வேகுவதா என்பதே ஒரு முழு அத்தியாயம்.

கேள்வி: கவசம்?

தடித்த கவசத்தைச் சுமக்க முடியாது. நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு கிலோ இரும்பில் ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்தை ஒத்த ஆற்றல் இருக்கிறது. வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டரானால் அது 12 கிலோவுக்குச் சமம். ஆகவே மெல்லிய தகட்டைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். வருவது அதில் மோதிச் சிதறிவிடும். சர்வதேச விண்வெளி நிலையம் சின்னத் துகள்களிலிருந்து இப்படித்தான் தப்பிக்கிறது.

கேள்வி: எத்தனை பேர் பணியில் இருப்பார்கள்? ஐந்தாறு பேர் போதாதா?

ஓட்டுவதற்குப் போதும், காப்பதற்குப் போதாது. காவல் என்பது மாதக்கணக்கில் விழித்திருக்கும் வேலை. பணியை மூன்று ஷிஃப்டாகப் பிரியுங்கள், அடிபட்டதும் உடைப்பைச் சரிசெய்யும் குழு தனியாக வேண்டும். 30 பேர் என்றே சொல்வேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ ஆக்சிஜன், செவ்வாய்ப் பயணம் சுமார் 260 நாள். மறுசுழற்சி இல்லையென்றால் ஆக்சிஜன் மட்டும் ஆறரை டன்.

கேள்வி: சின்னக் காவல் கப்பல் ஒன்று பெரும் போர்க்கப்பலை எதிர்ப்பதாக எழுதினால் நம்புவார்களா?

நம்புவார்கள், நடந்திருக்கிறது. 1944 அக்டோபர் 25, பிலிப்பைன்ஸின் சமர் தீவுக்கு அப்பால். யமாட்டோ உட்பட 4 பெரும் போர்க்கப்பல்கள் கொண்ட ஜப்பானியப் படை, அமெரிக்காவின் 6 சிறு விமானந்தாங்கிகள்மேல் வந்து விழுந்தது. காவலுக்கு இருந்தவை டெஸ்ட்ராயர் எனும் வேகமான போர்க்கப்பல்கள் 3, அவற்றைவிடச் சிறிய டெஸ்ட்ராயர் எஸ்கார்ட்கள் 4 மட்டுமே. அவற்றில் ஒன்றான சாமுவேல் பி. ராபர்ட்ஸின் எடை சுமார் 1,350 டன். யமாட்டோ 60,000 டன்னுக்கும் மேல். ராபர்ட்ஸ் புகைத்திரை போட்டது, டார்பிடோ வீசக் கிட்டப் போனது, பெரிய பீரங்கிகள் தாழ்த்திச் சுடமுடியாத நெருக்கத்தில் நின்று சுட்டது. கடைசியில் மூழ்கியது. ஜப்பானியப் படை திரும்பிப் போனது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: யமாட்டோவை மூழ்கடிக்கவேண்டும் என்று அவர்கள் போகவில்லை. பின்னால் ஓடுகிற விமானந்தாங்கிகளுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கப் போனார்கள். உங்கள் சின்னக் கப்பல் பெரியதை அழித்துவிட்டால் அந்தக் கனம் போய்விடும்.

கேள்வி: ரகத்துக்கு நல்ல தமிழ்ப் பெயர் சொல்லுங்களேன்.

ஃப்ளவர் ரகத்துக்குப் பூப்பெயர்கள்தான். நமக்கா பூப்பெயர் பஞ்சம்? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கி வைத்திருக்கிறார். முதல் கப்பல் காந்தள், ரகத்துக்கும் அதே பெயர். அடுத்து ஆம்பல், அனிச்சம், குவளை என்று பாட்டின் வரிசையிலேயே போகலாம். முகர்ந்தாலே வாடும் அனிச்சத்தின் பெயர் ஒரு போர்க்கப்பலுக்கு. அதில் பணிசெய்பவர்கள் அதைப்பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: முதல் காட்சியை எங்கே தொடங்கலாம்?

பணிமாற்ற நேரத்தில். புதிதாக வந்து உட்காரும் அதிகாரி செய்யும் முதல் வேலை சரக்குக் கப்பல்களை எண்ணுவது. நேற்று 42. இன்றைக்கும் 42 வரவேண்டும். அவர் இரண்டாவது முறையும் எண்ணுகிறார்.