ஒளிச்சு ரசிக்கிற சந்தோசங்கள்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்திலை 18 வருசமா உளவளத்துணை செய்யிறன். வாற சனம் பெரிய துக்கத்தைச் சொல்லி முடிச்சு, எழும்பிப் போகேக்கைதான் ஒரு சின்னச் சந்தோசத்தைக் குரலைத் தாழ்த்திச் சொல்லும். அதைப் பற்றி மட்டும் கேளுங்கோ எண்டு சொன்னன். வந்த கேள்வியளிலை சில இஞ்சை.

மானிப்பாய் அம்மா: படிப்பிச்சு ஓய்வு பெற்றனான். பின்னேரத்திலை மூண்டு தொடர்நாடகம் பாக்கிறன். கேற் சத்தம் கேட்டால் உடனை செய்திக்கு மாத்திவிடுவன். மகன் "உந்தக் குப்பையையோ பாக்கிறியள்" எண்டு கேட்டவன்.

அம்மா, கச்சேரி கேக்கிற காதுதான் குத்துப்பாட்டும் கேக்குது. ஒண்டு மற்றதைக் கெடுக்காது. நாடகத்திலை உங்களுக்கு என்ன பிடிக்கும் எண்டு மகனுக்கு ஒருக்கா விபரமாச் சொல்லுங்கோ. காரணம் வாயாலை வந்திட்டால் வெட்கம் பாதி கழண்டுபோகும். அடுத்த முறை கேற் திறந்தால் றிமோட்டைத் தொடாதேங்கோ.

இணுவில் தம்பி (27): வீட்டிலை சுத்த சைவம். வேலை முடிஞ்சு வரேக்கை மோட்டச்சைக்கிளிலை இருந்தபடியே ஒரு மிதிவெடி ரோல்ஸ் சாப்பிட்டு, வாய் கொப்பளிச்சிட்டுப் போறன். பிழையோ அக்கா?

முட்டையும் இறைச்சியும் வைச்ச ஒரு ரோல்ஸாலை ஒருத்தருக்கும் தீங்கில்லை, தம்பி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் நீர் மனதார விரதமெண்டால் அந்த நாளிலை விடும். அம்மாவின்ரை குசினிக்குள்ளை மச்சம் கொண்டுபோகாதது மரியாதை, அதைக் காப்பாற்றும். உம்மை அரிக்கிறது அவ கேக்கேக்கை சொல்லுற "இல்லை". அந்தப் பொய்யை மட்டும் விடும். பிறகு கடை வாங்கிலை இருந்து ஆறுதலாச் சாப்பிடும்.

கோண்டாவில் அக்கா: 2009இலை வன்னியிலை மனுசனையும் மூத்த மகனையும் இழந்தனான். சின்னவள் நல்லூரடிக்கு ஐஸ்கிறீம் குடிக்கக் கூப்பிடுறாள். எனக்கு ஐஸ்கிறீம் எண்டால் உயிர். வாயிலை வைச்சவுடனை, அவைக்கு இல்லாதது எனக்கென்னத்துக்கு எண்டு தொண்டை அடைக்குது.

அக்கா, உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது பாசத்தாலை. தப்பிப் பிழைச்ச கனபேருக்கு இப்பிடி வாறது. தன்னை வருத்தினால் போனவையோடை ஒட்டிக்கொண்டிருக்கலாம் எண்டு மனம் நம்புது. ஆருக்கும் தீங்கு செய்தால் குற்ற உணர்வு வரத்தான் வேணும், அப்ப மன்னிப்புக் கேக்கலாம், திருத்தலாம். இதிலை நீங்கள் திருத்த ஒண்டுமில்லை.

1990இலை குடாநாட்டுக்குக் கரண்ட் நிண்டது. பற்றறிக்கும் தடை. நான் அப்ப பள்ளிக்கூடப் பிள்ளை. முத்தத்திலை சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு, டைனமோ வயரை றேடியோவிலை கொழுவி, அம்மா கையாலை பெடலைச் சுத்துவா. கை களைச்சால் பாட்டு அமிழ்ந்துபோகும். ஒருநாள், செத்தவீடு நடந்து ஒரு மாதமும் ஆகாத பக்கத்து வீட்டு மாமி வேலிப் பொட்டாலை வந்து நிண்டா. அம்மா பயந்து நிப்பாட்டப் போனா. மாமி கிட்ட வந்து, "நீ விடு பிள்ளை, நான் சுத்துறன்" எண்டு பெடலை வாங்கினா. அழுதழுதுதான் சுத்தினா. பாட்டு நிக்கேல்லை. மாமி மகனை மறந்துபோய்ச் சுத்தினா எண்டு அண்டைக்கும் நான் நினைக்கேல்லை, இண்டைக்கும் நினைக்கேல்லை.

மகளோடை போங்கோ. அண்ணனுக்கு எந்த ஐஸ்கிறீம் விருப்பமெண்டு அவளுக்குச் சொல்லுங்கோ. அவளுக்கு அது தெரியாமலும் இருக்கும்.

கம்பஸ் தங்கச்சி: இரவு 2 மணி மட்டும் போனிலை சின்ன வீடியோக்கள். இதுவும் சந்தோசந்தானே?

கடைசியாப் பார்த்த மூண்டையும் சொல்லும் பாப்பம். ஞாபகமில்லையெண்டால் அது பழக்கம், நித்திரையைத் தின்னுது. போனை மற்ற அறையிலை வையும்.

சாவகச்சேரி ஐயா: எனக்குச் சீனி வருத்தம். ஆவணியிலை பனங்காய்ப் பணியாரம் சுட்டால் குசினிக்குப் பின்னாலை நிண்டு ஆறேழு தின்னுறன்.

ஐயா, ஒளிச்சுத் தின்னேக்கை ஆரும் எண்ணிறதில்லை, நீங்களும் எண்ணிறதில்லை. எத்தினை தாங்கும் எண்டு கிளினிக்கிலை டொக்டரிட்டைக் கேளுங்கோ. அந்த அளவைக் கோப்பையிலை வைச்சு, எல்லாரோடையும் முன் விறாந்தையிலை இருந்து தேத்தண்ணியோடை சாப்பிடுங்கோ.

கோண்டாவில் அக்கா (திரும்பவும்): கடையிலை எல்லாருக்கும் முன்னாலை அழுதிட்டன் எண்டால்?

அழுங்கோ அக்கா. பக்கத்திலை மகள் இருப்பாள். உருகமுதல் குடியுங்கோ.